சோல் இசைத்தட்டுகள்: எதை வாங்குவது, யாருக்குக் காசு போனது



சென்ற மாதச் சனிக்கிழமை நிகழ்ச்சி ஒன்றில், வழமையான பழைய பாடல்களுக்கு நடுவே ஓட்டிஸ் றெடிங்கின் பாட்டு ஒன்றையும் ஒலிபரப்பினேன். பாட்டு முடிய முன்னரே தொலைபேசி அடித்தது. தூங்காபியிலிருந்து ஓர் அம்மா. "தம்பி, உந்த ஆள் என்ன பாடுறார் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா செத்தவீட்டு முத்தத்திலை நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு. இன்னொருக்காப் போடுவீங்களோ?" என்று கேட்டார். அடுத்த அழைப்பு, மகளின் பிறந்தநாளுக்கு இசைத்தட்டுக் கருவி வாங்கிக் கொடுத்திருந்த ஒரு தகப்பனுடையது. இப்போது பிள்ளைகள் மறுபடியும் தட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். "என்ன தட்டு வாங்கலாம் அண்ணை, ஒரு பட்டியல் எழுதித் தாங்கோ" என்றார். எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அதுதான் இந்தக் கட்டுரை.

நான் சங்கீதம் படித்தவன் அல்ல. வணிகப் பட்டதாரி. வாரத்தில் ஐந்து நாள் பரமட்டாவில் மற்றவர்களின் வரவு செலவைப் பார்க்கிறவன். ஆகவே ஒரு தட்டு கையில் கிடைத்தால் முன் அட்டைப் படத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைத்தான் வாசிப்பேன். பாட்டை எழுதியவர் யார், உரிமை யாருடையது, வாசித்தவர்களின் பெயர் போட்டிருக்கிறதா என்று. தொழில் பழக்கம். மன்னிக்கவும்.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சித்தப்பா கொழும்புத் துறைமுகத்தோடு தொடர்புடைய ஓர் அலுவலகத்தில் வேலை செய்தவர். வெள்ளவத்தையில் வீடு. கப்பலில் வரும் மாலுமிகளிடம் இசைத்தட்டு வாங்குவார். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் ஒரு நல்ல சட்டைத்துணி வாங்குவதே பெரும்பாடாக இருந்த காலம். அந்தக் காலத்திலும் அவரிடம் அமெரிக்கத் தட்டுகள் இருந்தன. பள்ளி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போகும் எங்களுக்கு அதைத் தொட அனுமதி இல்லை, கேட்க மட்டும்தான். 1983 யூலையில் அந்த வீடு எரிந்தது. பின்னர் நட்டஈட்டுக்கு விண்ணப்பிப்பதற்காக, இழந்த பொருட்களின் விபரத்தை ஞாபகத்திலிருந்து மூன்று புல்ஸ்கப் தாளில் எழுதினார். கட்டில், அலுமாரி, தையல் மெசின் எல்லாம் ஒற்றை வரியில். இசைத்தட்டுகள் மட்டும் ஒன்றரைப் பக்கம், பெயர் பெயராக. நட்டஈடு வரவில்லை. அந்தத் தாள்களின் பிரதி இப்போது என் மேசை இலாச்சியில் இருக்கிறது. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் பட்டியல்தான்.

முதலில் சோல் என்றால் என்ன என்று இரண்டு வரி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டை எடுத்து, கடவுளின் இடத்தில் காதலியை வைத்தால் சோல். 1954 இல் றே சார்ள்ஸ் என்ற பார்வையற்ற கலைஞர் அப்படித்தான் செய்தார். பக்தர்கள் கொதித்தார்கள். தேவாரப் பண்ணிலே ஒருவன் சைக்கிளில் போகும் பெட்டையைப் பாடினால் எங்கள் கோயிலடியில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் பாடும் முறை மட்டும் மாறவில்லை. ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் பதில் கொடுப்பது, சொல் தீர்ந்த இடத்தில் அழுகையும் கத்தலும் வருவது எல்லாம் அப்படியே இருந்தன. தூங்காபி அம்மா சரியாகத்தான் சொன்னார்.

சித்தப்பாவின் பட்டியலில் முதலாவது "ஓட்டிஸ் புளூ", 1965. ஒரே ஒரு தட்டுத்தான் வாங்குவேன் என்பவர்கள் இதை வாங்குங்கள். மெம்பிஸ் நகரில் ஏறத்தாழ ஒரே நாளில் பதிவு செய்தார்கள். காலையில் தொடங்கி, இரவானதும் வாத்தியக்காரர்கள் கிளப்புகளில் வாசிக்கப் போய்விட்டு, நள்ளிரவுக்குப் பின் திரும்பி வந்து முடித்தார்கள். அவசரத்தில் செய்த சமையல் சில வேளை ருசிப்பதுபோல.

அதில் மூன்று பாடல்கள் சாம் குக்கினுடையவை. சாம் குக் 1964 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அதற்கு முந்தைய ஆண்டு லூசியானாவில் முன்பதிவு செய்திருந்த விடுதியிலேயே அவருக்கு அறை மறுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அவர் எழுதிய "எ சேஞ்ச் இஸ் கொன்னா கம்" பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டத்தின் பாட்டாகியது. அவருடைய குரலில் அதைக் கேட்டுவிட்டு ஓட்டிஸின் குரலிலும் கேளுங்கள். முன்னவர் நம்பிக்கையோடு பாடுகிறார். பின்னவருக்கு அந்த நம்பிக்கை போதவில்லை என்று எனக்குப் படும். நிகழ்ச்சியில் அன்று நான் போட்டது இதைத்தான்.

இந்தத் தட்டைச் செய்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கதை கணக்காளர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. தொடங்கியவர் ஜிம் ஸ்டுவேட், ஒரு வங்கி ஊழியர். பதிவுக்கருவி வாங்குவதற்காக அவருடைய தமக்கை எஸ்ரெல் அக்ஸ்டன் தன் வீட்டை ஈடு வைத்தார். இருவர் பெயரிலும் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்ததுதான் ஸ்டாக்ஸ். பழைய சினிமாத் தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். தரை சரிவாகவே இருந்தது, சமப்படுத்தக் காசில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட முடியாதிருந்த நகரத்தில், அந்தச் சரிந்த தரையில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள்.

தட்டுகளை நாடு முழுவதும் விநியோகித்தது நியூயோர்க்கின் அட்லாண்டிக் நிறுவனம். முதலில் வாய்ப்பேச்சு ஒப்பந்தம். 1965 இல் எழுத்தில் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகள் அனைத்தின் மூலநாடாவும் அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஸ்டுவேட் அந்த வரியை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். வங்கியில் இருந்தவர்! 1967 டிசம்பர் 10 ஆம் திகதி ஓட்டிஸ் றெடிங் 26 வயதில் விமான விபத்தில் இறந்தார். அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பதிவு செய்த, கடற்கரைத் துறையில் சும்மா குந்தியிருப்பதைப் பற்றிய பாட்டு 1968 இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஏப்ரலில் மாட்டின் லூதர் கிங் அதே மெம்பிஸில் கொல்லப்பட்டார், ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கிப் பாட்டு எழுதிய லொறெயின் விடுதியில். அதே ஆண்டு விநியோக ஒப்பந்தம் முறிந்தபோதுதான் தங்கள் பழைய பதிவுகள் தங்களுடையவை அல்ல என்று ஸ்டாக்ஸ்காரர்களுக்குத் தெரிந்தது. சரக்கே இல்லாத கடை. அல் பெல் என்ற கறுப்பின நிர்வாகி 1969 இல் 27 தட்டுகளை ஒரே மூச்சில் வெளியிட்டுக் கடையை மறுபடி நிரப்பினார். ஐசாக் ஹேய்ஸின் "ஹொட் பற்றேட் சோல்" அதில் ஒன்று. ஒரு பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் போகும். பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். 1975 இல் ஸ்டாக்ஸ் திவாலானது, 1989 இல் கட்டிடத்தையும் இடித்தார்கள். 2003 இல் அதே இடத்தில் அதே தோற்றத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். எரித்த இடத்திலேயே வெள்ளையடித்துத் திறந்த ஒரு கட்டிடம் எங்களிடமும் உண்டு என்பதால் இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"ஓட்டிஸ் புளூ"வில் "றெஸ்பெக்ட்" என்றொரு பாட்டும் உண்டு. வேலையால் வரும் புருசன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967 இல் அரீத்தா பிராங்கிளின் அதை எடுத்துத் திருப்பிப் போட்டார். இப்போது மரியாதை கேட்பவள் மனைவி. யூன் 3 ஆம் திகதி அமெரிக்காவில் அது முதலிடத்துக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர், மே 27 ஆம் திகதி, இந்த நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு. பூர்வகுடி மக்களையும் குடிசன மதிப்பீட்டில் எண்ண வேண்டும், அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வேண்டும் என்று 90 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஓர் ஆளை ஆளாக எண்ணுவதற்கே வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு லோறல் றொபின்சன், லோயிஸ் பீலர் என்ற இரு பூர்வகுடிப் பாடகிகள் வியட்நாமுக்குப் போய்ப் படையினர் முன் பாடினார்கள். லோறலின் மகன் எழுதிய நாடகமும், 2012 இல் வந்த "த சபயர்ஸ்" படமும் அதிலிருந்து பிறந்தவை.

அரீத்தாவின் தட்டை வாங்குங்கள். ஆனால் ஒரு கணக்கையும் கேளுங்கள். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குக் காசு உண்டு, பாடியவருக்கு இல்லை. அரீத்தா 2018 இல் இறக்கும்வரை அந்த நாட்டு வானொலிகள் "றெஸ்பெக்ட்"டை எத்தனை தரம் போட்டிருக்கும்? அந்த ஒலிபரப்புகளுக்கான காசு ஓட்டிஸ் பக்கம் போனது. அவுஸ்திரேலியாவில் பதிவுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. நமது நிலையத்தின் செலவுக் கணக்கில் அந்த இரண்டு வரிகளையும் நான்தான் ஆண்டுதோறும் எழுதுகிறேன். முணுமுணுக்காமல் எழுதுகிறேன்.

இனி பங்க். இதை விளங்கப்படுத்த எங்களுக்குத் தவில் போதும். மெட்டைப் பின்னுக்குத் தள்ளி, எல்லா வாத்தியத்தையும் தாளவாத்தியம் ஆக்கினால் பங்க். கிற்றாரும் அடிக்கும், எக்காளமும் அடிக்கும், பாடகர் தொண்டையாலேயே அடிப்பார். எல்லோரும் எங்கே போனாலும் முதலாம் தட்டில் வந்து சேரவேண்டும், சமத்தில் வந்து விழுவது மாதிரி. ஜேம்ஸ் பிரவுண் 1965 இலும் 1967 இலும் வெளியிட்ட பாடல்களில் இது உருவாகியது. அவருடைய தட்டுகளில் சித்தப்பா எழுதியிருப்பது "லைவ் அற் த அப்பலோ". 1962 ஒக்டோபரில் நியூயோர்க் மேடையில் பதிவானது, பங்குக்கு முந்தியது. மேடைப் பதிவை யார் வாங்குவார்கள் என்று நிறுவன முதலாளி மறுக்க, பிரவுண் தன் காசைப் போட்டுப் பதிவு செய்தார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 66 வாரம் நின்றது. நல்ல முதலீடு.

ஆனால் அதே பிரவுணின் வாத்தியக்குழுவில் கிளைட் ஸ்ரபிள்பீல்ட் என்ற டிரம்ஸ்காரர் இருந்தார். 1969 இல் பதிவான "பங்கி டிரம்மர்" பாட்டில் சில வினாடிகள் தனியாக அடிப்பார். பின்னால் வந்த ராப் பாடல்களில் நூற்றுக்கணக்கானவை அந்தச் சில வினாடிகளை வெட்டி ஒட்டியவை. பாட்டு எழுதியவர் என்று பதிவாகியிருந்தது பிரவுணின் பெயர் மட்டும். அடித்தவருக்கு அந்த உரிமைப்பணத்தில் பங்கில்லை. 2017 இல் இறந்தார்.

டெட்ரோயிட்டின் மோட்டவுண் நிறுவனம் 1959 இல் 800 டொலரில் தொடங்கியது. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த பெரி கோடி, தன் குடும்பத்தினர் சேர்த்து வைத்த பொதுப்பணத்தில் கடனாக எடுத்தது அது. ஏறக்குறைய எங்கள் சீட்டு மாதிரி. குடும்பம் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது, அந்த மட்டில் புத்திசாலிகள். மோட்டவுண் பாடகர்களை உலகம் அறியும். அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்களின் பெயர் பல ஆண்டுகளாகத் தட்டில் போடப்படவேயில்லை. 1971 இல் மாவின் கேயின் "வட்ஸ் கோயிங் ஒன்" வந்தபோதுதான் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர் வந்தது. பேஸ் கிற்றார் வாசித்த ஜேம்ஸ் ஜாமசன் 1983 ஓகஸ்ட் 2 ஆம் திகதி இறந்தார். எங்கள் சனம் கொழும்பு அகதி முகாம்களில் கிடந்த அதே வாரம். அந்த ஆண்டு மோட்டவுணின் 25 ஆவது ஆண்டு விழாவுக்கு அவர் தானே அனுமதிச்சீட்டு வாங்கி மேல்மாடத்தில் இருந்து பார்த்தாராம்.

"வட்ஸ் கோயிங் ஒன்" தட்டில் மாவினின் தம்பி வியட்நாம் போரிலிருந்து எழுதிய கடிதங்களின் நிழல் இருக்கிறது. போரால் திரும்பியவன் ஊரைப் பார்த்து இங்கே என்ன நடக்கிறது என்று கேட்கிறான். இதை நான் இரவில் வீட்டில் போட்டால் என் மனைவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லமாட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லுவார்.

சித்தப்பா இங்கே வந்தது 1987 இல். கிரான்வில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த நாட்களில் அவர் மறுபடி வாங்கிய முதல் தட்டு பில் விதர்ஸின் "ஜஸ்ட் அஸ் ஐ ஆம்", 1971. விமானங்களுக்குக் கழிவறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் விதர்ஸ். முப்பது வயது தாண்டியபின்தான் முதற் தட்டு வந்தது. அட்டைப் படத்தில் தொழிற்சாலைச் சுவரோடு சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக நிற்கிறார். இசைத்தொழிலை நம்பாமல், பாட்டு பிரபலமான பிறகும் சிறிது காலம் வேலையை விடவில்லை. சித்தப்பா அந்த அட்டையைச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்.

இந்த நாட்டுக் குரல் ஒன்றும் வேண்டுமென்றால் றெனே கையர். மெல்பேணில் 1953 இல் பிறந்தவர். தாய் அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் தப்பிய யூதப் பெண். அங்கே தனக்கு உதவிய ஒருத்தியின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். பெற்றோர் சிட்னியில் குடியேறிகளுக்கான விடுதி ஒன்றை நடத்தினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை ஜேம்ஸ் பிரவுணின் பாட்டை 1974 இல் பாடி அவுஸ்திரேலியாவை எழுப்பினார். 2023 ஜனவரியில் காலமானார். "றெடி ரு டீல்" என்ற அவரது 1975 ஆம் ஆண்டுத் தட்டைப் பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டு டொலருக்கு எடுத்தேன். கணக்காளனுக்கே வெட்கமாக இருந்தது.

எங்களிடம் பங்க் இல்லையா என்று கேட்பீர்கள். "விக்ரம்" (1986) படத்தின் தலைப்புப் பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இளையராஜாவின் பழைய பாடல்களில் பேஸ் கிற்றாரை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஜாமசனுக்குத் தம்பி முறையான ஒருவர் அங்கே இருக்கிறார். பெரும்பாலான தட்டுகளில் அவருக்கும் பெயர் இல்லை. 2003 இல் பிளாக் ஐட் பீஸ் குழு "ஸ்ரீ ராகவேந்திரர்" படப் பாட்டொன்றை வெட்டி எடுத்துப் பயன்படுத்தியது. 2007 இல் "தளபதி"யின் "காட்டுக்குயிலு"வை எடுத்துத் தன் "கலா" தட்டைத் தொடங்கியவர் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 1986 இல் லண்டனுக்கு அகதியாகப் போன பிள்ளை. "கலா" அவருடைய தாயின் பெயர்.

பட்டியலின் கடைசி வரிக்கு வருகிறேன். ஆங்கிலத் தட்டுகள் எல்லாவற்றுக்கும் சித்தப்பா பெயர், பாடியவர், ஆண்டு எல்லாம் எழுதியிருக்கிறார். கடைசியில் இப்படி ஒரு வரி: "தமிழ் பொப், சிறிய தட்டு, 4." அவ்வளவுதான். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடித் திரிந்த காலம். "சின்ன மாமியே" தெரியாத வீடு இல்லை, "சுராங்கனி" கடல் தாண்டித் தமிழ்நாட்டுப் படத்துக்கே போனது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்குப் பெயர் எழுதுவானேன் என்று நினைத்திருப்பார். பட்டியலில் உள்ள அமெரிக்கத் தட்டுகள் அத்தனையையும் நான் மறுபடி வாங்கிவிட்டேன். ஸ்டாக்ஸ் பறிகொடுத்தது என்றாலும் மூலநாடா எங்கோ ஒரு களஞ்சியத்தில் இருக்கிறது, கேட்டால் அச்சடிக்கிறார்கள். அந்த நாலு தட்டும் எவை என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்குச் சித்தப்பாவும் இல்லை. நித்தி அவர்கள் பின்னாளில் மெல்பேணில் குடியேறியவர், மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர்களோடு மேடையில் கிற்றாரும் கொங்கோவும் வாசித்தவர்கள் யார் யார்?

உங்கள் வீட்டுக் கராஜில், பரணில், ஊரிலிருந்து வந்த பெட்டிக்குள் இலங்கையில் வெளியான தமிழ்ச் சிறிய தட்டு எதுவும் இருந்தால் சனிக்கிழமை பிற்பகலில் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் முன்னாலேயே பதிவு செய்துகொண்டு தட்டை உடனே கையில் தந்துவிடுவோம். அட்டை கிழிந்திருந்தாலும் அட்டையோடு கொண்டு வாருங்கள், பின்பக்கத்தை நான் வாசிக்க வேண்டும். கீறல் இருந்தால் பரவாயில்லை. தயவுசெய்து சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம்.